கல்லடிப் பாலம்

மட்டக்களப்பு வாவியின் மீது 1924ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற இரும்புப் பாலத்துக்கு, அன்றைய தேசாதிபதி மனிங்கின் துணைவியார் பெயரைச் சூட்டினர். அரசாங்க ஏடுகளில் அது 'லேடி மனிங் பாலம்'; ஊரார் வாயிலோ கல்லடிப் பாலம்.

மாணவராய் நாம் அறிந்த அப்பாலம் மிக ஒடுக்கமானது. எதிர்ப்புறத்து வாகனங்கள் கடந்து தீரும்வரை இப்புறத்தார் காத்து நிற்றல் வேண்டும். மீன்பெட்டி கட்டிய சைக்கிளும் உத்தியோகத்தரின் காரும் ஒரே வரிசையில் நின்றன. பிந்தி வந்தமைக்காக எம்மைக் கடிந்த ஆசிரியரும் அவ்வரிசையில் நின்று பிந்தியவரே! மீன் பாடுவதைக் கேட்கப் பூரணை இரவில் வருவோரைப் பற்றி நிறைய எழுதியுள்ளனர். அதிகாலையில் மீன் விற்கப் போவோரைப் பற்றி எழுதியோர் குறைவு.

2013ஆம் ஆண்டில் யப்பானிய உதவியுடன் அருகே அகன்ற பாலம் எழுந்தது. நோயாளர் வண்டி இனிக் காத்து நிற்க வேண்டியதில்லை. அந்நன்மையை நாம் மறுக்கோம்.

இன்று ஆசிரியராய் வகுப்பிலே மனிங் பெயரின் வரலாற்றைச் சொன்னோம். பின்வாங்கிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

"தண்ணிக்குள்ள தூண் நட்ட ஆக்கள்ட பேர் என்ன சேர்?"

நாம் விடையின்றி நின்றோம். அவள் இன்னும் உட்காரவில்லை.