துடைப்பதற்கும் ஒரு கை வேண்டும்

பழைய ரைபிள்களைச் சுட்டுத் தேய்த்தவர்களைவிடத் துடைத்துத் தேய்த்தவர்களே அதிகம். புதுச்சேரிக் காவல்துறையில் துப்பாக்கிகளைப் பராமரிக்கும் ஆர்மரராக இருந்து ஓய்வு பெற்ற நான், இந்தத் தொழிலுக்கு வரும் தம்பிகளுக்கு முதலில் சொல்வது இதைத்தான். காவல்துறை ரைபிள் சுடும் தோட்டாக்கள் கொஞ்சம். வருடாந்தரப் பயிற்சியில் சில, அதன் பிறகு ஸ்டாண்டில் நிற்கும். ஆனால் துடைப்பது வாராவாரம் நடக்கும். என் மேசைக்கு வந்த பேரல்களில் பாதிக்கு மேல் வாய்ப்பக்கம்தான் கெட்டிருந்தது, உள்ளே காடிகள் நன்றாக இருந்தன. அந்தத் தேய்மானம் குண்டால் வந்ததில்லை, பேரலுக்குள் விட்டு இழுத்துத் துடைக்கும் புல்த்ரூ கயிற்றால் வந்தது. எமரித்தாள் போட்டு வெள்ளையாக்கிய போல்ட்டுகளும், எண் மறையும்வரை இழைத்த கட்டைகளும் அப்படித்தான். எல்லாம் அக்கறையோடு செய்த கெடுதல்.

நான் பேசுவது த்ரீ நாட் த்ரீயைப் பற்றி. லீ-என்ஃபீல்டு, எஸ்.எம்.எல்.இ. மார்க் 3. பிரிட்டிஷ் ராணுவம் 1907-ல் ஏற்றுக்கொண்ட மாதிரி. கொல்கத்தாவுக்குப் பக்கத்தில் இச்சாப்பூர் ரைபிள் ஃபேக்டரியில் செய்தவைதான் நம் கைக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை. பட் கட்டை இரும்போடு சேரும் இடத்தில் வலப்பக்கம் பாருங்கள். மேலே கிரீடமும் ஜி.ஆர்.ஐ. என்ற எழுத்துகளும் இருந்தால் வெள்ளைக்காரன் காலத்து ரைபிள், அசோகச் சிங்கம் இருந்தால் சுதந்திரத்துக்குப் பிந்தையது. 1960-களில் அதே உருவத்தை இன்னும் வலுவான எஃகில் செய்து, 7.62 தோட்டாவுக்கு மாற்றி, 2ஏ1 என்று பெயர் வைத்தார்கள். காவலுக்கு நிற்பவர்களுக்காக .303-ன் பேரலை மழமழவென்று குடைந்து, ஒற்றைத் தோட்டா போட்டுச் சுடும் .410 மஸ்கட்டாகவும் மாற்றினார்கள். மூன்றுக்கும் போல்ட் ஒரே குடும்பம். ஒன்றைப் பிரிக்கத் தெரிந்தவனுக்கு மற்றதும் பிடிபடும்.

இது பிரெஞ்சுக்காரன் ஊர், இங்கே லெபெல் இருக்கவில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. கடற்கரைச் சாலை நினைவுச் சின்னத்தில் பெயர் பொறித்திருக்கும் நம் ஊர் சொல்தாக்கள், அதாவது பிரெஞ்சுச் சிப்பாய்கள், முதல் உலகப் போருக்குப் போன காலத்தில் பிரெஞ்சு ராணுவத்தின் ரைபிள் அதுதான். 1886-ல் வந்தது. புகையில்லாத வெடிமருந்துக்கென்று உலகில் முதலில் ராணுவத்துக்குப் போன ரைபிளும் அதுவே. பேரலுக்குக் கீழே குழாய்போல மேகசின், எட்டுத் தோட்டா பிடிக்கும். பிறகு வந்த மாஸ் 36-ல் சேஃப்டியே கிடையாது. ஆனால் என் கை பழகியது .303-ல். அதற்கு மேல் அவற்றைப் பற்றிப் பேச எனக்கு உரிமை இல்லை.

எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர் ராணுவத்தில் கருவிகளைப் பழுது பார்க்கும் இ.எம்.இ. பிரிவில் ஆர்மரர் ஹவில்தாராக இருந்து வந்தவர். நாங்கள் உஸ்தாத் என்றுதான் கூப்பிடுவோம். சேர்ந்த புதிதில் ரைபிளைத் தொடவே விடவில்லை. ஸ்க்ரூ டிரைவர்களைக் கொடுத்து அரத்தில் தீட்டச் சொன்னார். கடையில் வாங்கும் டிரைவரின் முனை ஆப்பு வடிவத்தில் சரிந்திருக்கும். ஸ்க்ரூவின் வெட்டில் மேல் விளிம்பை மட்டும் பிடிக்கும், திருகினால் வழுக்கி விளிம்பைக் கிழிக்கும். முனையின் இரண்டு பக்கமும் இணையாக, வெட்டின் அடிவரை இறங்கி, அகலத்திலும் கனத்திலும் அசையாமல் உட்கார வேண்டும். "ட்ரைவர் தானா நிக்கணும்பா. நீ கைய எடுத்தாலும் நிக்கணும்" என்பார். நோஸ்கேப் ஸ்க்ரூவுக்கு ஒன்று, டிரிகர்கார்டின் முன் ஸ்க்ரூவுக்கு ஒன்று, பின் ஸ்க்ரூவுக்கு ஒன்று என்று தனித்தனியாகத் தீட்டி, பிடியில் வண்ணம் பூசி வைத்துக்கொண்டோம். எந்த ரைபிள் வந்தாலும் அவர் முதலில் பார்ப்பது ஸ்க்ரூக்களின் தலையை. விளிம்பு கிழிந்திருந்தால், இதற்கு முன் யார் கையோ உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். அதன் பிறகு எதையும் நம்பாமல் ஒவ்வொன்றாகப் பார்ப்பார்.

அடுத்து அவர் சொல்லிக் கொடுத்தது பிரிக்கும் வரிசை. பட் கட்டை ஆடுகிறதென்றால் யாருக்கும் கை உடனே பின்னால்தான் போகும். பட் பிளேட்டின் மூடியைத் திறந்து, உள்ளே இருக்கும் தோல் அடைப்பை எடுத்து, நீள டிரைவரை விட்டு போல்ட்டை முறுக்கத் தோன்றும். எஸ்.எம்.எல்.இ.-யில் அப்படிச் செய்யவே கூடாது. அந்த நீள போல்ட்டின் முன்முனை சதுரமாக இருக்கும். ஃபோர்எண்ட் கட்டையின் பின்பக்கத்தில் ஒரு சின்னத் தகடு அந்தச் சதுரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும், போல்ட் தளராமல் இருக்க. ஃபோர்எண்டைக் கழற்றாமல் போல்ட்டைத் திருகினால் அந்தச் சதுரம் தகட்டோடு சேர்ந்து கட்டையைப் பிளந்துவிடும். வேறொரு கிடங்கில், நல்ல கைக்காரர் என்று பெயரெடுத்த ஒருவரிடமிருந்து அப்படிப் பிளந்த கட்டை ஒன்று எங்களிடம் வந்தது. சத்தம் கூடப் பெரிதாக வராதாம், டிரைவர் கொஞ்சம் இளகியது போலத்தான் இருந்ததாம். உஸ்தாத் அந்தக் கட்டையைச் சுவரில் ஆணியடித்து மாட்டி வைத்தார். புதிதாக வந்தவர்களுக்கு அதுதான் முதல் பாடம். முன்னாலிருந்து பின்னால்: நோஸ்கேப், பேண்டுகள், மேகசின், டிரிகர்கார்டு, ஃபோர்எண்ட், கடைசியில்தான் பட்.

இனி உப்பு. நம் ஊரில் எல்லாம் அதில்தான் வந்து நிற்கிறது.

பழைய .303 தோட்டாவின் கேப்பில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். வெடித்த பிறகு அது பொட்டாசியம் குளோரைடாகிக் காடிகளுக்குள் படியும். சமையல் உப்பைப் போலவே அதுவும் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். வைத்திக்குப்பத்துக் காற்று அடிக்கும் ஊரில் அதைக் கேட்க வேண்டுமா? காலையில் சுட்டு எண்ணெய் போட்டு வைத்தால், இரண்டு நாளில் எண்ணெய்க்குக் கீழேயே சிவப்புப் புள்ளி விழுந்திருக்கும். உப்பு எண்ணெயில் கரையாது. எண்ணெய் அதை மூடி வைக்கும், அவ்வளவுதான். அதைக் கரைப்பது தண்ணீர், அதுவும் கொதிக்கக் கொதிக்க. போல்ட்டை எடுத்துவிட்டு, சேம்பரில் புனலை வைத்து, வாயைக் கீழே சாய்த்து, இரண்டு மூன்று லிட்டர் கொதிநீரை நிதானமாக ஊற்ற வேண்டும். முதலில் சாம்பல் நிறத்தில் வரும், பிறகு தெளியும். பேரலைத் துணியோடு பிடித்தாலும் கை சுடும். அந்தச் சூட்டுக்காகத்தான் கொதிநீர். இரும்பு சூடேறியிருந்தால் உள்ளே ஈரம் தானாகக் காயும். அது ஆறுவதற்குள் உலர்ந்த சிந்தியை, அதாவது துணித் துண்டை, விட்டு இழுத்து, பிறகு எண்ணெய். தண்ணீர் எங்கிருந்து என்பதும் முக்கியம். கடலோரத்துக் கிணறுகளில் உப்பேறியிருக்கும், அந்தத் தண்ணீர் வேண்டாம். நாங்கள் பிடித்து வைத்த மழைத் தண்ணீரைத்தான் காய்ச்சினோம். பயிற்சி முடிந்த அன்றே இதைச் செய்துவிட வேண்டும், மறுநாள் என்று வைத்தால் துரு முந்திக்கொள்ளும்.

புல்த்ரூவுக்கு வருகிறேன். பித்தளைக் குண்டை சேம்பர் வழியாக இறக்கினால் வாயில் வந்து எட்டிப் பார்க்கும். நான்குக்கு இரண்டு அங்குலச் சிந்தியைக் கண்ணியில் மாட்டி, ஒரே இழுப்பில், பேரலின் நேர்கோட்டில் இழுக்க வேண்டும். பாதியில் நின்றால் முன்னும் பின்னும் ஆட்டத் தோன்றும், ஆட்டக் கூடாது. உயரம் போதாதவர்கள் ரைபிளைத் தரையில் ஊன்றிக்கொண்டு பக்கவாட்டில் இழுப்பார்கள். கயிறு வாயின் விளிம்பில் ஒரே பக்கமாக உரசி உரசி வட்டத்தை நீள்வட்டமாக்கிவிடும். இங்கே இன்னொரு ஆபத்தும் உண்டு. கயிறு தரையில் விழுந்தால் கடல் மணல் ஒட்டும், அப்புறம் அது கயிறு இல்லை, அரம். அதனால் கயிற்றை மாதமொரு முறை சோப்பில் கசக்கிக் காய வைக்க வேண்டும். குண்டு வெளியேறும் கடைசி இடம் அந்த விளிம்பு. அது ஒரு பக்கம் தேய்ந்தால் எத்தனை நல்ல காடியும் பிரயோசனப்படாது.

கட்டை வேலைதான் எனக்கு மிகப் பிடித்தது. ரைபிள் உதைக்கும்போது அந்த உதையை வாங்குவது ஃபோர்எண்டின் பின்பக்கம் உள்ளே இருக்கும் இரண்டு சிறு தோள்கள், ஒவ்வொன்றும் விரல்நகம் அளவுதான். ஆண்டுக்கணக்கில் எண்ணெய் ஊறி அவை மெத்தென்று ஆகிவிட்டால், இரும்பு பின்னால் நகர்ந்து கட்டையின் நுனியைப் பிளக்கும். இச்சாப்பூர்க்காரர்கள் இதைத் தெரிந்துதான் ஃபோர்எண்டின் குறுக்கே ஒரு ஸ்க்ரூ போட்டார்கள். கெட்ட தோளைச் செதுக்கி எடுத்துவிட்டு, முற்றிய கட்டையில் துண்டு வெட்டி ஒட்ட வேண்டும். பிறகு பொருத்தம். விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து இரும்பின் மேல் மெல்லப் பூசி, கட்டையில் வைத்து அழுத்தி எடுத்தால், படும் இடத்தில் மட்டும் கறுப்பு ஒட்டியிருக்கும். அந்தக் கறுப்பை மட்டும் உளியால் சுரண்ட வேண்டும், சீவக் கூடாது. மறுபடி பூசி, மறுபடி வைத்து, மறுபடி சுரண்டி. இரண்டு தோளிலும் ஒரே நேரத்தில், முகம் முழுக்க, ஒரே அடர்த்தியில் கறுப்பு விழும்வரை விடக் கூடாது. உஸ்தாத் இதைச் செய்யும்போது உளியைக் கட்டைவிரலால்தான் தள்ளுவார், மணிக்கட்டு அசையாது. ஒரு பகல் போகும். அவசரப்பட்டு ஒரு சீவு அதிகம் எடுத்தால் துண்டைப் பிடுங்கிவிட்டு முதலிலிருந்து. முடிந்த பிறகு டிரிகர்கார்டின் முன் ஸ்க்ரூவை முறுக்கினால் கடைசிச் சுற்று கெட்டியாக வந்து சட்டென்று நிற்கும். அந்த நிற்பு கைக்குத் தெரிந்துவிட்டால் தொழில் பாதி வந்த மாதிரி.

கட்டைக்கு மேலே ஆளி விதை எண்ணெய் போதும். உள்ளங்கையில் சில சொட்டு, சூடு பறக்கத் தேய்ப்பது, மறுநாள் மிச்சத்தைத் துடைப்பது. மேசை நாற்காலிக்கு அடிக்கும் வார்னிஷ் வேண்டவே வேண்டாம்.

இப்போது வாங்குவது பற்றி. அமெரிக்காவில் ராணுவம் கழித்த ரைபிள்கள் கடைக்கு வரும், நம் 2ஏ1-கள்கூட அங்கே நிறையப் போயிருக்கின்றன. இங்கே .303-ம் 7.62-ம் தடை செய்யப்பட்ட குழல் அளவுகள். தனியார் வாங்க வழியில்லை. அதன் ஜாடையில் நமக்குக் கிடைப்பது .315, அதே லீ-என்ஃபீல்டு அமைப்பில் இச்சாப்பூர் செய்தது. அதன் தோட்டா பழைய ஆஸ்திரிய 8 மி.மீ. தோட்டாவின் வழி வந்தது, ராணுவத் தோட்டா இதில் நுழையக் கூடாதென்றே அந்த அளவைத் தேர்ந்தார்கள். பழையது ஒன்றை வாங்குவதென்றால் இரண்டு பக்கமும் லைசென்ஸ் இருக்க வேண்டும். விற்பவர் மாவட்ட ஆட்சியருக்கோ காவல் நிலையத்துக்கோ எழுதிக் கொடுத்து 45 நாள் காத்திருக்க வேண்டும். 1959 ஆயுதச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. காகிதம் சரியில்லாத ரைபிளை என் மேசையில் வைக்கவே விட்டதில்லை.

காகிதம் சரியென்றால், கையில் வாங்கியதும் மேகசினை எடுத்து, போல்ட்டைத் திறந்து, சேம்பருக்குள் விரலை விட்டுப் பாருங்கள். காலி என்று யார் சொன்னாலும் சரி. பிறகு எண்கள். போல்ட் பிடியின் அடியிலும் பாடியிலும் ஒரே எண் இருக்க வேண்டும். லீ-என்ஃபீல்டு போல்ட் பின்பக்கம் பூட்டுவது. அதன் காதுகள் அந்தந்த பாடிக்கென்று பொருத்தப்பட்டவை. வேறு ரைபிளின் போல்ட் உள்ளே போகும், மூடவும் செய்யும், ஆனால் தோட்டாவின் பின்னால் எவ்வளவு இடைவெளி விழுகிறது என்று கேஜ் வைக்காமல் தெரியாது. .303-க்கு அந்த அளவு 64 தவ் முதல் 74 தவ் வரை, ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 74-க்கு மேல் போனால் தோட்டாவின் ஓடு கிழியும். எண் ஒத்துவராத போல்ட்டைக் கேஜ் பார்க்காமல் சுடாதீர்கள், வாங்கவும் வேண்டாம்.

அடுத்தது, மேல் கட்டையை எடுத்துப் பாருங்கள். எடுக்க விடாதவரிடம் பேச்சை முடித்துக்கொள்ளலாம். கடலோரத்து ரைபிளின் நிஜ முகம் கட்டைக்குக் கீழேதான். வெளியே மின்னும், கட்டையின் கோட்டுக்குக் கீழே பேரல் முழுக்கக் குழி விழுந்திருக்கும். கட்டையின் ஓரங்கள் கூர்மையாக இல்லாமல் உருண்டிருந்தால் யாரோ இழைத்திருக்கிறார்கள். பழசாக, எண்ணெய்க் கறுப்பேறி, கீறலோடு, ஓரம் கூராக இருக்கும் ரைபிளுக்கு நான் கூடுதல் விலை கொடுக்கச் சொல்வேன்.

.303-ன் காலம் முடிந்துவருகிறது. உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020 குடியரசு நாள் அணிவகுப்போடு அதற்கு விடை கொடுத்தது. ஆனாலும் லைசென்ஸ் ரைபிள்கள் வீடுகளில் இருக்கின்றன, அவற்றைப் பார்க்கத் தெரிந்த கைகள்தான் குறைந்துவருகின்றன. அதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

ஐப்பசி மழை தொடங்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. தோல் உறையிலோ கான்வாஸ் பையிலோ ரைபிளை வைத்திருந்தால் வெளியே எடுத்துவிடுங்கள், இரண்டும் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். பூட்டிய பெட்டிக்குள், காற்றோட்டத்தோடு, வாயை அடைக்காமல் நிறுத்துங்கள். பேரலின் வாயைத் துணி திணித்து மூடுவது இங்கே பலருக்குப் பழக்கம், அந்தத் துணி இருக்கும் இடத்தில்தான் முதலில் துரு பிடிக்கும். மழை நிற்கும்வரை வாரம் ஒரு முறை வெறும் கையால் தொடாமல், எண்ணெய்த் துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் போதும். துருப் புள்ளி தெரிந்தால் எமரித்தாளைத் தேடாதீர்கள். செப்புக் காசின் விளிம்பும் எண்ணெயும் போதும், மெதுவாகச் சுரண்டினால் துரு வரும், கறுப்பு நிற்கும். அதற்கும் வராவிட்டால் பிரிக்க வேண்டாம். பூட்டியபடியே, லைசென்ஸோடு, தெரிந்த ஆர்மரரிடம் கொண்டு போங்கள்.