அந்தப் பொடியன்

எங்க அப்பா சாம்ப்ராஸ் கட்சி. விம்பிள்டனில் தொடர்ந்து 31 ஆட்டங்கள் தோற்காமல் இருந்தவரை 2001ல், நான்காவது சுற்றில், 19 வயது ஃபெடரர் ஐந்து செட்டில் சாய்த்துவிட்டார். அன்றிலிருந்து அப்பாவுக்கு அவர் "அந்தப் பொடியன்". பொடியன் 20 கிராண்ட்ஸ்லாம் வாங்கிய பிறகும் அதே பெயர்தான்!

நானோ ஃபெடரர் பைத்தியம். 2021 விம்பிள்டன் காலிறுதி. ஹுர்காச்சிடம் முதல் இரண்டு செட்டும் போய், மூன்றாவதில் 0-4. தாங்க முடியாமல் ரிமோட்டைத் தேடினேன். அப்பா கையில் இருந்தது, தரவில்லை.

"உட்கார்ந்து பாருடா. அன்னிக்கு நான் பாதியில எழுந்து போயிட்டேன்."

0-6 வரை பார்த்தோம். ஹுர்காச்சும் ஃபெடரரைப் பார்த்து வளர்ந்தவராம். இருக்கட்டும், எனக்குப் பிடிக்காது.