கடல் கடந்த மாரியம்மன்

சிலாபத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, கரிபியன் கடலிலுள்ள பிரெஞ்சுத் தீவாகிய குவாதலூப்பைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். 1854ஆம் ஆண்டு ‘ஒரேலி’ என்னும் கப்பல் முதல் இந்தியத் தொழிலாளரை அங்கே கொண்டு சேர்த்தது. கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாய்ப் போனவர்களுள் தமிழர் மிகுதி. அவர்தம் சந்ததியார் இன்று பேசுவது பிரெஞ்சும் கிரியோலுமே. ஆயினும் மாரியம்மன் பூசையில் தமிழ்ப் பாட்டு ஒலிக்கிறது. பாடுவோர் பலருக்கு அதன் பொருள் தெரியாது.

‘ஐயோ, பாவம்!’ என்று இரங்கினேன்.

அப்போது என் பேத்தி ஓடி வந்து, எழுத்தைத் தொட்டு, “சீயா, இதில் என்ன எழுதியிருக்கிறது?” என்று சிங்களத்தில் கேட்டாள். உடப்பில் இன்றும் தமிழே வீட்டுமொழி. எங்கள் பக்கத்திலோ பல குடும்பங்கள் அதை நழுவவிட்டன. எங்கள் குடும்பமும் அவற்றுள் ஒன்று.

வரும் ஆடியில் உடப்புத் திரௌபதையம்மன் கோயில் தீமிதிப்புக்கு அழைத்துச் செல்வதாக அவளுக்கு வாக்களித்தேன். அதையும் சிங்களத்திலேதான் சொல்ல வேண்டியிருந்தது.