பனிநாட்டில் அவரை

ஊர் விட்டு ஊர் செல்வோர் உடன்கொண்டு செல்வன பல. மொழியும் வழிபாடும் உணவும் அவற்றுள் முதன்மையானவை. நூல்களைப் பெட்டியிற் கொண்டு செல்லலாம்; கோயிலைச் சென்ற இடத்தில் எழுப்பலாம். உணவுக்குரிய பயிரோ மண்ணையும் நீரையும் ஞாயிற்றையும் வேண்டி நிற்பது. கனடாவிற் குடியேறிய நாம் இவ்வுண்மையை வீட்டின் பின்புறத்துச் சிறு பாத்தியிற் கண்டுணர்ந்தோம்.

ஊர்காவற்றுறையிலிருந்து படகேறிச் சென்றடையும் அனலைதீவு சிற்றூராயினும் உழைப்பாற் பெரியது. மாரி மழையை நம்பி நெல் விதைத்தும், மழை ஓய்ந்தபின் துலா மிதித்துப் பட்டையால் நீரிறைத்துப் புகையிலை, மிளகாய், வெங்காயம் முதலியன பயிரிட்டும் எம் முன்னோர் வாழ்ந்தனர். பூவரசங் குழையும் ஆட்டெருவும் அவர் இட்ட பசளை. வேலியோரத்து அவரையும் கிணற்றடிப் பாகலும் வளவு முருங்கையும் அவர்தம் வாழ்வோடு உடன்வளர்ந்தவை.

1983ஆம் ஆண்டின் பின்னர் எம்மவர் பலர் ரொறன்ரோ நகரிலே, சிறப்பாக அதன் கிழக்குப் பகுதியாகிய ஸ்காபறோவிலே, புகலிடம் கொண்டனர். இங்கு மே மாதத்தின் முற்பகுதி வரை உறைபனிக்கு அஞ்சவேண்டும். ஐப்பசியில் அது மீண்டும் வந்துவிடும். இடைப்பட்ட ஏறத்தாழ ஐந்து திங்களே பயிருக்குரிய காலம். ஆதலாற் பங்குனியிலேயே யன்னலோரத்துச் சிறு கிண்ணங்களிற் கத்தரி, மிளகாய் விதைகளை முளைக்க வைத்து, மே மாதப் பிற்பகுதியில் வரும் விக்ரோறியா நாள் விடுமுறையை ஒட்டி நாற்றைப் பாத்திக்கு மாற்றுதல் வழக்கம். அதற்கு முன் சில நாள் நாற்றைப் பகலில் வெளியே வைத்தும் இரவில் உள்ளே எடுத்தும் குளிர்காற்றுக்குப் பழக்குதல் வேண்டும். வெண்டி விதை மண் சூடேறுங்காறும் முளைக்கத் தயங்கும். முருங்கையும் கறிவேப்பிலையும் தொட்டியிலேயே வாழ்ந்து, பனிக்கு முன் வீட்டினுட் புகுந்து, கோடையில் வெளியே வருகின்றன.

இவை யாவும் கைப்பழக்கத்தால் இயல்வன. புதிராய் நின்றது அவரை ஒன்றே. எமக்கு முன் இங்கு வந்த ஊரவர் ஒருவர் ஒரு கைப்பிடி அவரை விதை தந்தார். எம் அன்னையார் எழுபது வயதிற் கடல் கடந்து வந்தவர். குளிர்காலம் முழுவதும் யன்னலருகே பேச்சின்றி இருந்தவர். அவ்விதையைக் கண்டதும் எழுந்தார். தாமே நின்று பந்தலிடுவித்தார். ஆடி மாதத்திற் பந்தல் முழுவதும் பச்சை படர்ந்தது. பூ ஒன்றேனும் இல்லை. புரட்டாதியின் பிற்பகுதியில் அரும்பு கட்டிற்று. காய் பிடிக்குமுன் உறைபனி விழுந்து கொடி கருகியது.

“ஊரிலை மார்கழி, தையிலையெல்லே அவரை பூக்கிறது, தம்பி. இஞ்சை வெளிச்சம் கூடிப்போச்சுது, அதுக்கு இரவு காணாது” என்றார் அன்னையார்.

அவர் சொல் அறிவியலோடு ஒத்தது. 1920ஆம் ஆண்டில் அமெரிக்க வேளாண்மைத் திணைக்களத்தினராகிய கார்னர், அலார்ட் என்னும் இருவர், பயிர்கள் பகலிரவின் நீளத்திற்கேற்பப் பூக்கின்றன என்று வெளியிட்டனர். அவர்கள் ஆராய்ந்த பயிர்களுள் ஒன்று, எம் தீவார் நன்கறிந்த புகையிலை. கோடையிற் பூவாது உயர்ந்துகொண்டே சென்ற ஓர் இனத்தை நாள்தோறும் சில மணி நேரம் இருட்டில் வைத்து அவர்கள் பூக்கச் செய்தனர். அனலைதீவு பூமத்திய ரேகைக்கு ஏறத்தாழ 10 பாகை வடக்கே உள்ளது. அங்கு ஆண்டு முழுவதிலும் பகல் ஏறத்தாழ ஒரு மணி நேரமே கூடிக் குறையும். ரொறன்ரோவோ ஏறத்தாழ 44 பாகையில் உள்ளது. யூன் மாதத்திற் பகல் 15 மணி நேரத்தைக் கடக்கும். எம் ஊர் அவரை நீண்ட இரவு கண்டே பூப்பது.

மறு ஆண்டு இரு கொடிகளைத் தொட்டிகளில் வளர்த்தோம். ஆடி பிறந்தது முதல் மாலை ஆறு மணிக்கு அவற்றை இருண்ட வண்டிக் கொட்டகையினுள் வைத்து, காலை எட்டு மணிக்கு வெளியே எடுத்தோம். பேரப்பிள்ளைகள் தொட்டிகளை உருட்டினர். அன்னையார் நேரம் பார்த்தார். ஒரு நாளேனும் தவறினாரல்லர். ஊரில் ஆடுகளைக் கொட்டிலிற் கட்டிய நாள்களை அப்போதெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லுவார். ஆவணியில் ஊதாப் பூ விரிந்தது. பனிக்கு முன் பதினொரு முற்றிய நெற்றுகள் கிடைத்தன. கறிக்கு ஒன்றும் தரமாட்டேன் என்று அன்னையார் அனைத்தையும் விதைக்கே வைத்தார். அரும்பு, நெற்று, கொழுகொம்பு என்னும் சொற்கள், நாம் பலகையில் எழுதிக் கற்பியாமலே பிள்ளைகளின் நாவில் ஏறின.

தமிழ் கற்பிக்கும் எமக்கு இதிலொரு பாடம் உண்டு. பிறநாட்டிற் பிறந்து வளரும் பிள்ளைகளிடத்துத் தமிழும் அவ்வவரையை ஒத்ததே. இலையும் கொடியுமாய் அது படர்வதைக் கண்டு நாம் மகிழ்ந்துவிடுகின்றோம்; அடுத்த தலைமுறைக்கு விதை தருமோ என்று நோக்குவதில்லை. புறத்தே பிறமொழியின் வெளிச்சம் மிகுந்த வீட்டில், நாள்தோறும் சிறிது நேரத்தைத் தமிழுக்கென ஒதுக்கிக் காத்தல் வேண்டும். அதனைத் தவறாது செய்யும் முதியோர் வீட்டில் இருக்கும்போதே செய்தல் வேண்டும்.

விழாக் காணும் எம் இந்துக் கல்லூரி அன்னை எமக்களித்த விதை பல. உலகெங்கும் பரந்து வாழும் பழைய மாணவர் ஒவ்வொருவரும் அவற்றுள் ஒன்றையேனும் நெற்றாக்கி அடுத்தவர் கையிற் சேர்ப்பாராக. கல்லூரி அன்னை நீடு வாழ்க.