புல்லு நல்லா இருந்தா களை தானா ஒதுங்கும்

ஓம் விநாயகா போற்றி!

கோயில் பின்பக்கத்து புல்தரை எப்படி இவ்வளவு பச்சையாச்சுன்னு நிறைய பேர் கேட்டீங்க. நடந்தத மறைக்காம சொல்றோம்.

போன வருஷம் அங்க தொட்டாச்சிணுங்கியும் கோரையும்தான். செருப்பில்லாம நடக்குற இடம், பிள்ளைங்க காலுல முள்ளு குத்துச்சு. தொண்டூழியர்கள் நாங்க ஞாயித்துக்கிழமை பிடுங்குவோம், மூணு வாரத்துல திரும்ப வந்துடும். பொறுமை போய் களைக்கொல்லி அடிச்சிட்டோம்.

மறுநாள் காலையில ஒரு பாட்டி, வெயில் படுற ஓரத்துல குனிஞ்சு பிள்ளையாருக்கு அறுகம்புல் பறிச்சுட்டு இருந்தாங்க. "தொடாதீங்க பாட்டி, மருந்து!"ன்னு ஓடினோம். பறிச்சத கீழ வெச்சாங்க. "சாமிக்குப் போடுற புல்லுக்கா தம்பி விஷம் வெச்சீங்க?"ன்னு கேட்டாங்க. கை கழுவ தண்ணி ஊத்தினோம், பதில் சொல்ல முடியல. அந்த அறுகையும் நாங்க களைன்னுதான் நெனச்சிருந்தோம்.

எங்கள்ல பாதி பேர் ஃபேக்டரி ஆளுங்க. மெஷின் நின்னா, ஏன் நின்னுச்சுன்னு முதல்ல பாப்போம். இங்க மட்டும் அத மறந்துட்டோம்.

ஃபேரர் பார்க் திடல்ல பந்து ஆடினவங்களுக்குத் தெரியும். 1843ல குதிரைப் பந்தயம் தொடங்கின இடம், ரேஸ் கோர்ஸ் ரோடுன்னு பேரு வந்ததே அதாலதான். அங்க கோல் கம்பத்துக்கு முன்னால மட்டும் புல்லே நிக்காது. மிதிபட்டு மண்ணு இறுகிடும், வேர் இறங்காது, வெறும் இடத்துல களை வந்து உக்காந்துக்கும். நம்ம புல்தரையிலயும் விசேஷ நாள் வரிசை அது மேலதான் போச்சு. போதாததுக்கு மொட்டை அடிச்ச மாதிரி வெட்டினோம். மண்ணுல வெளிச்சம் விழுந்தா களை விதைக்குக் கொண்டாட்டம்தான்.

அப்புறம் செஞ்சது இதுதான்:

வரிசைய சிமெண்டு பாதை பக்கம் மாத்தினோம். இறுகின மண்ண குத்தி ஓட்டை போட்டு, மணலும் கம்போஸ்டும் தூவினோம். சொட்டையான இடத்துல உடனே புல் பத்தை வெச்சோம். கௌ கிராஸ் தரையில படர்ந்து கணுவுக்கு கணு வேர் விடும், இடம் தானா மூடிக்கும். வெட்டும்போது உயரத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல எடுக்கறதில்ல, ரெண்டு அங்குலமாவது விடுறோம். மழை இல்லாத நாள்ல காலையில மட்டும் நல்லா தண்ணி விடுறோம். களைக்கொல்லி கிடையாது. ஓரத்து மண்ண மாத்தி, வெயில் நல்லா படுற இடமா பாத்து புது அறுகு நட்டோம். அறுகுக்கு நிழல் ஆகாது.

களை இப்பவும் ஒண்ணு ரெண்டு வருது. கையாலயே பிடுங்கிடுறோம். அப்பர் சுவாமிகள் கையில உழவாரம் பிடிச்சு செஞ்ச தொண்டு, நமக்கென்ன கௌரவக் குறைச்சல்?

போன சதுர்த்திக்கு அந்தப் பாட்டி வந்தாங்க. "இப்ப பறிக்கலாமா தம்பி?"ன்னு கேட்டாங்க. "தாராளமா பறிங்க பாட்டி"ன்னோம்.

ஒரே வேண்டுகோள்: மழை பெஞ்சு ஈரமா இருக்கும்போது புல்லு மேல நடக்காதீங்க, மண்ணு சீக்கிரம் இறுகிடும். முடிஞ்சவங்க ஞாயிறு காலை வாங்க, சேர்ந்து செய்வோம்.

எல்லாம் அவன் செயல்.