எத்தனை கேஜு கம்பி?

முன்குறிப்பு: எலெக்ட்ரிக் கிட்டார்ல ஆறு ஸ்ட்ரிங் இருக்கும்ங்கற அளவுக்குத் தெரிஞ்சா போதும், தைரியமா படிக்கலாம். எனக்கும் ரொம்ப நாள் அவ்வளவுதான் தெரியும்.

எங்க வீட்டு லாஃப்ட்டுல ஒரு கிட்டார் பதினாலு வருஷம் தூங்கிட்டு இருந்துச்சு. 2006ல, புனேக்கு வந்த புதுசுல, முதல் போனஸ்ல வாங்கினது. நாலு கார்டு கத்துக்கறதுக்குள்ள ஆபீஸ்ல ஆணி அதிகமாச்சு, கல்யாணம் ஆச்சு, தங்கமணி வந்தாங்க, கிட்டார் மேல ஏறிடுச்சு. 2020 லாக்டவுன்ல பொழுது போகாம லாஃப்ட்டைக் குடைஞ்ச பையன் கண்ணுல பட்டுது. இன்னிக்கு அவன் என்னைவிட நல்லா வாசிக்கிறான். (என்னைவிட நல்லா வாசிக்க அஞ்சாவது கார்டு தெரிஞ்சா போதும்.)

2023 டிசம்பர்ல ஒரு நாள் வந்து நின்னான். "அப்பா, சத்தம் தகர டப்பா மாதிரி இருக்கு. கொய்ங்னு இரைச்சல் வேற. புது கிட்டார் வாங்கலாம்." விலையைப் பாத்தேன். நமக்குத்தான் கூகுளாண்டவர் இருக்காரே! அவர் சொன்னார்: கிட்டாரை மாத்தாதே, பிக்கப்பை மாத்து.

பிக்கப்புங்கறது ஸ்ட்ரிங்குக்குக் கீழ இருக்கற காந்தமும் அதைச் சுத்தின காயிலும்தான். மேல ஸ்டீல் ஸ்ட்ரிங் அதிர்ந்தா காந்தப்புலம் அசையும், காயில்ல மில்லிவோல்ட் கணக்குல மின்சாரம் பொறக்கும், ஆம்ப்ளிஃபையர் அதைப் பெருசாக்கும். இந்தப் பிக்கப்பை மட்டும் தனியா வாங்கி மாத்தறது 1970கள்லயே டிமார்சியோ, சீமோர் டங்கன் மாதிரி ஆளுங்களால பெரிய வியாபாரமாயிடுச்சு. ஒவ்வொண்ணுக்கும் கிலோ ஓம் கணக்கு போட்டிருப்பாங்க. 6, 8, 13, 16. நம்ம மூளை நேரா 16ல போய் நின்னுச்சு. சிங்கிள் காயில் குழியிலேயே உக்கார்ற ஒல்லி ஹம்பக்கர், செராமிக் காந்தம். கூடுதல் ஓம், கூடுதல் சத்தம், இதுல யோசிக்க என்ன இருக்கு?

ஆர்டர் பட்டனை அமுக்கப் போற நேரம், பின்னாடி ஒரு குரல். "எத்தனை கேஜு கம்பி?"

எங்கப்பா. வயசு 74. கோயமுத்தூர் கணபதியில முப்பத்தஞ்சு வருஷம் மோட்டார் வைண்டிங் கடை வெச்சிருந்தவர். கம்ப்ரஸர் மோட்டாரும் கிணத்து மோட்டாரும் எரிஞ்சு போய் வரும், இவர் பழைய காயிலை உருவிப்போட்டு புதுசு கட்டி வார்னிஷ்ல முக்கி அனுப்புவார். 2012ல கடையை மூடினார். அப்புறம் எங்க வீட்டுக்கு வந்தா டிவி பாப்பார், கீழ பார்க்குல நடப்பார். என் வேலையைப் பத்தி அவரும் கேக்க மாட்டார், நானும் சொல்ல மாட்டேன்.

"கேஜு போடலைங்ப்பா. ஓம்தான் போட்டிருக்கு."

"கம்பி மெலிசாக மெலிசாக ஓம் தானா ஏறும். சுத்து எத்தனைன்னு தெரியாம ஓமை வெச்சுட்டு என்ன பண்ணுவ?"

அப்புறம் தேடிப் படிச்சேன். மனுஷன் சொன்னது அப்படியே சரி. சாதாரண சிங்கிள் காயில்ல 42 கேஜ் கம்பி, ஏழாயிரம் எட்டாயிரம் சுத்து, 6 கிலோ ஓம் சுமார். (இது அமெரிக்கக் கேஜு. அப்பாவோட எஸ்.டபிள்யூ.ஜி. கணக்கு வேற. அதை வெச்சு அரை மணி நேரம் சண்டை போட்டோம்.) அதே சுத்தை 43 கேஜ்ல சுத்தினா ஓம் கால்வாசி கூடிடும், பலம் அதே அளவுல கூடாது. ஒரே கம்பியா இருந்து சுத்து நிஜமாவே கூடினாலும், சத்தம் தடிக்கும், மேல்ஸ்தாயியோட பளபளப்பு மங்கும். 16ங்கறது தரத்துக்குக் குடுத்த மார்க் இல்ல.

அடுத்த நாள் காலையில டைனிங் டேபிள் மேல பழைய மல்டிமீட்டர் இருந்துச்சு. ஊர்லேர்ந்து பையில போட்டுட்டு வந்திருக்கார். எதுக்குன்னு கேக்கல.

கிட்டாரைப் பிரிக்கவே இல்ல. ஒயரை கிட்டார்ல சொருகி, வால்யூமை முழுசா வெச்சு, மறுமுனை ஜாக்கோட நுனியிலும் தண்டுலயும் மீட்டரை வெக்கச் சொன்னார். பையன் ஸ்விட்சை ஒவ்வொண்ணா தள்ளினான். கழுத்துப் பக்கத்துப் பிக்கப் 5.9 கிலோ ஓம். நடு பிக்கப் 5.8. பிரிட்ஜ் பக்கம் 248.

"இது காயிலே இல்ல. வால்யூம் பாட்டோட ஓமைக் காட்டுது. காயில் அந்து போச்சு."

"ஆனா சத்தம் வருதே அப்பாரு?" பையன் கேட்டான்.

அறுந்த காயில்லயும், அறுந்த இடத்தைத் தாண்டி மெல்லிசா, கீச்சுன்னு ஒரு சத்தம் கசியுமாம். நாங்க தகர டப்பான்னு சொன்னது அதைத்தான். "மோட்டார் செத்தா நின்னுரும். இது செத்தும் மொனகுது," அப்படின்னு சிரிச்சார். அப்புறம் சாதாரணமா கேட்டார், "இது எப்ப வாங்கினது கண்ணு?"

"2006ங்ப்பா."

"அந்த வருசமா," அப்படின்னார். மீட்டரைப் பாத்துட்டு இருந்தார்.

இங்க ஒரு கொசுவத்தி சுத்தியாகணும். 2006ல அப்பா போன்ல ஒரு வைண்டிங் மெஷின் கேட்டார். கையால சுத்தி தோள் போயிடுச்சு, பக்கத்துக் கடைக்காரங்க மெஷின் போட்டுட்டாங்க, 15,000 ஆகும்னார். வாழ்க்கையில அவர் என்கிட்ட கேட்ட ஒரே பணம். "இந்த மாசம் கொஞ்சம் டைட்டுங்ப்பா" அப்படின்னேன். அதே வாரம்தான் இந்தக் கிட்டார். அவர் திரும்பக் கேக்கவே இல்ல, நானும் குடுக்கல. கடையை மூடினதுக்கு இதுதான் காரணம்னு சொல்ல மாட்டேன். இல்லைன்னும் சொல்ல முடியல.

சரி, இரைச்சலுக்கு வருவோம். டெஸ்ட் லேம்ப்பை ஆம்ப்ளிஃபையர் சொருகற பிளக் பாயிண்ட்ல ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவுல வெச்சார். எரியல. எங்க ஃபிளாட்டுல அந்தப் பாயிண்ட்டுக்கு எர்த்தே குடுக்கல! எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு சரி பண்ணினதும் பாதி இரைச்சல் போயிடுச்சு. மீதி, சிங்கிள் காயிலோட பொறவிக் குணம். வீட்டு ஒயரிங்ல ஓடற 50 ஹெர்ட்ஸை அது ஆன்டெனா மாதிரி இழுக்கும். அதுக்குத்தான் 1955ல கிப்சன் கம்பெனி இன்ஜினியர் சேத் லவர் ரெண்டு காயிலை எதிரெதிரா சேத்து ஹம்பக்கர் பண்ணினார். எங்க கிட்டார்லயும் நடு பிக்கப் எதிர்த் திசையில சுத்தினது, அதனால பக்கத்துப் பிக்கப்போட சேத்து வாசிச்சா இரைச்சல் அடங்கும்.

ஆக, வாங்கவேண்டியது மூணு இல்ல, ஒண்ணே ஒண்ணு. பிரிட்ஜ் பக்கத்துல ஸ்ட்ரிங் கம்மியா அதிரும், அதனால அங்க மத்ததைவிடக் கொஞ்சம் பலமா வேணும். அல்னிகோ 5 காந்தம், 42 கேஜ், 6.5 கிலோ ஓம், முதல் காந்தத்துலேர்ந்து ஆறாவது காந்தம் வரைக்கும் 52 மில்லிமீட்டர், பழசு மாதிரியே. விலை, நான் பாத்து வெச்சதுல பாதிகூட இல்ல. வந்ததும் அப்பா முகர்ந்து பாத்தார். "மெழுகுல முக்கியிருக்கான்." நம்ம வார்னிஷ் மாதிரிதான். சுத்து தனியா அதிர்ந்து வீல்னு கத்தாம இருக்க.

மாட்டறதுக்கு முன்னாடி புதுசை நடு பிக்கப்போட முகத்துக்கு முகம் காட்டினோம். இழுத்தா சரியான ஜோடி, தள்ளினா ரெண்டும் சேந்து இரைச்சலை அடக்காது. இழுத்துச்சு. தப்கீர் கல்லியில வாங்கின சால்டரிங் அயனை நான் எடுத்தேன். "நீ வேண்டாம், அவன் பண்ணட்டும்," அப்படின்னார். அவர் கை இப்ப நடுங்குது. என் கை எப்பவுமே நம்பிக்கைக்கு உரியதில்ல. பையன் பண்ணினான். ரெண்டையும் சேத்து வாசிச்சப்ப சத்தம் ஒல்லியா வந்துச்சு. "லீடு மாறிப் போச்சு. பேஸ் மாத்திக் குடுத்தா மோட்டார் திரும்பிச் சுத்துமில்ல, அதாட்டந்தான்." மாத்தினோம். கடைசி ஃப்ரெட்டை அமுக்கிப் பிடிச்சு, ஸ்ட்ரிங்குக்கும் காந்தத்துக்கும் சுமார் 2 மில்லிமீட்டர் விட்டோம். நெருங்கினா காந்தம் ஸ்ட்ரிங்கைப் பிடிச்சு இழுத்து சுருதியைக் கெடுக்கும்.

பையன் ஒரு மணி நேரம் வாசிச்சான். அப்பா பார்க்குக்குப் போகல.

ஊருக்குக் கிளம்பறப்ப செத்துப்போன பிக்கப்பை வேட்டிக்குள்ள சுத்தி பையில வெச்சுட்டார். "சும்மாதான கெடக்குது."

ரெண்டு மாசம் கழிச்சு போன். "அதைப் பிரிச்சுப் பாத்தேன். வேர்வை எறங்கி கம்பி பச்சை பூத்துப் போச்சு. புதுசா கட்டிரலாம். அந்தக் கம்பி இங்க கெடைக்கல. சின்னதா ஒரு மெஷினும் வேணும். உனக்குச் சிரமமில்லைன்னா பாரு. தம்பி லீவுக்கு வரட்டும், அவன் சுத்தட்டும், நான் எண்ணிக்கறேன்."

"அனுப்பறேங்ப்பா," அப்படின்னேன்.

அன்னிக்கு ராத்திரியே ஆர்டர் போட்டேன்.

டிஸ்கி: ரெண்டாயிரம் சுத்துல ஒரு தடவை, ஐயாயிரத்துல ஒரு தடவை கம்பி அறுந்துச்சு. மூணாவது தடவை எடுத்தது மீட்டர்ல 6.2 காட்டுதாம்.