காற்றுக்கும் கட்டணம்

தம்பி ஆசிரியர் வேலை கிடைத்துச் சரவாக்கின் சிபு நகருக்குப் போன முதல் ஆண்டு. சரவாக்கில் தீபாவளிக்குப் பொது விடுமுறை கிடையாது. அவனால் வீட்டுக்கு வர முடியவில்லை. "பிள்ளை வரலைன்னா பலகாரமாவது போகட்டும்" என்று அம்மா இரண்டு நாள் அடுப்படியிலேயே நின்றார்.

முறுக்கும் அச்சு முறுக்கும் நெய் உருண்டையும் சிவப்பு மூடி போட்ட வட்டப் போத்தல்களில் நிறைந்தன. அவற்றைப் பெரிய அட்டைப் பெட்டியில் அடுக்கி, உடையாமல் இருக்கச் சுற்றிலும் பழைய நாளிதழைக் கசக்கித் திணித்தார். வீட்டில் நிறுத்துப் பார்த்தேன்; 2.4 கிலோ. அந்தக் கணக்கில் பணம் எடுத்துக்கொண்டு, ஷா ஆலத்தில் எங்கள் வீட்டருகே உள்ள கூரியர் கடைக்கு இருவரும் போனோம்.

முகப்பில் இருந்த பெண் பெட்டியை நிறுத்தார். பிறகு நாடாவை எடுத்து அளந்தார். நீளம் 40 சென்டிமீட்டர், அகலம் 30, உயரம் 30. ஏழு கிலோவுக்கு மேல் கட்டணம் என்றார். நான் தராசைக் காட்டினேன். "கோத்தாக் பெசார், பாங்" என்று சிரித்தார். பெட்டி பெரிதாம்!

"பாதியை எடுத்துடவா?" என்று அம்மா மெதுவாகக் கேட்டார்.

"அங்கேயும் கடையில வாங்கிச் சாப்பிடுவான்மா" என்றேன் எரிச்சலில். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. வீடு வரும்வரை பெட்டியை மடியிலேயே வைத்திருந்தார்.

என் வாய்க்கு வந்த வார்த்தை அன்றிரவு என்னைத் தூங்க விடவில்லை. எழுந்து உட்கார்ந்து கணக்குப் போட்டேன். சிபுவுக்குப் போகும் பார்சல் விமானம் ஏற வேண்டும். பாரம் கூடுவதற்கு முன்பே விமானத்தில் இடம் நிறைந்துவிடும். அதனால் மூன்று அளவையும் பெருக்கி, பெரும்பாலும் 5000ஆல் வகுக்கிறார்கள். சிலர் 6000ஆல் வகுப்பதும் உண்டு. இப்படி வருவதுதான் கன அளவு எடை. உண்மை எடை, கன அளவு எடை இரண்டில் எது அதிகமோ அதற்கே கட்டணம். எங்கள் பெட்டி 36,000 கன சென்டிமீட்டர், வகுத்தால் 7.2 கிலோ. வட்டப் போத்தல்களின் இடுக்கில் இருந்த காற்றுக்கும் காகிதத்துக்கும் சேர்த்துத்தான் பணம் கேட்டிருக்கிறார்கள்.

காலையில் அம்மாவிடம் விளக்கினேன். "இடம் காலியா இருக்கக் கூடாது, அவ்வளவுதானே?" என்றவர் பழைய சதுர பிஸ்கட் டின்னை எடுத்துத் துடைத்தார். எண்ணெய்த் தாள் விரித்து, முறுக்கை நெருக்கமாக அடுக்கினார். நெய் உருண்டைகளைச் சிறு பையில் கட்டி ஓரமாக வைத்தார். இடைவெளிகளில் காகிதத்துக்குப் பதிலாக மிக்சரைக் கொட்டினார்.

டின்னுக்குப் பொருத்தமான பெட்டி 25, 25, 24 சென்டிமீட்டர். பெருக்கி வகுத்தால் சரியாக 3 கிலோ. உண்மை எடையும் அதை ஒட்டியே இருந்தது. கட்டணம் பாதிக்கும் கீழே இறங்கியது; பலகாரத்தில் ஒன்றும் குறையவில்லை, மிக்சர்தான் கூடியிருந்தது.

தீபாவளிக்கு முதல் நாள் தம்பி அழைத்தான். நான்கு முறுக்குதான் உடைந்திருந்ததாம். அம்மா தொலைபேசியை என்னிடமிருந்து வாங்கினார்.

"சாப்பிட்டுட்டு டின்னைத் தூக்கிப் போட்டுடாதேப்பா. வரும்போது எடுத்துட்டு வா."